பால் துறந்த ஆறு ஆண்டுகள்



'சைவம்' என்னும் சொல் நம்மிடையே இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று சமயத்தின் பெயர். மற்றொன்று உணவின் பெயர். உணவகத்தில் "சைவமா, அசைவமா?" என்று கேட்கும்போது எவரும் சிவநெறியை நினைப்பதில்லை. புலால் இல்லாத இலை என்றே பொருள் கொள்கிறோம். அந்த இலையில் தயிரும் மோரும் நெய்யும் கேளாமலே வந்து அமர்கின்றன. தைப்பூசத்திற்கு விரதம் ஏற்பவர் பல நாள் புலாலை மறுக்கிறார். விரதம் நிறைவேறும் நாளில் பத்துமலைப் படிகளில் அவர் தலையில் ஏந்திச் செல்வது பால்குடம். புலால் மறுப்பு எந்த இடத்தில் முழுமை அடைகிறதோ, அந்த இடத்திலேயே பால் இருக்கிறது.

பாலையும் நெய்யையும் சேர்த்தே விலக்கும் உணவுமுறைக்கு இக்காலத்தார் 'நனிசைவம்' என்று பெயரிட்டுள்ளனர். 'நனி' என்பது மிகுதிப்பொருள் தரும் உரிச்சொல் எனத் தொல்காப்பிய உரியியல் வகுத்துள்ளது. ஆக்கம் அழகாகவே இருக்கிறது. எனினும் அச்சொல் நம்மை ஓர் எண்ணத்திற்கு இட்டுச் செல்கிறது. சைவ உணவு ஒரு பாதை. அதில் இன்னும் சற்றுத் தொலைவு நடந்தால் நனிசைவம் வந்துவிடும் என்பதே அவ்வெண்ணம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. புலாலை விடுவதற்கும் பாலை விடுவதற்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் இருந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்ட முயன்று, ஆறு ஆண்டுகள் எதிர்க்கரையில் நின்று, பின்னர்த் திரும்பி வந்த ஒருவரின் கதையே இன்றைய பொழிவின் பொருள். அவர் காந்தியடிகள்.

அடிகள் புலால் உண்ணாதவர் என்பதும் ஆட்டுப்பால் அருந்தினார் என்பதும் அனைவரும் அறிந்த செய்திகள். அந்த ஆட்டுப்பால் ஒரு தோல்வியின் அடையாளம் என்பதும், அத்தோல்வியை அவரே எழுதி வைத்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மொழியை வளர்க்கும் அவையில் இதைப் பேச எனக்கு மற்றொரு காரணமும் உண்டு. அவருடைய உணவுப் போராட்டம் பெரும்பகுதி சொற்பொருள் பற்றிய போராட்டமாகவே நடந்தது. 'இறைச்சி' என்றால் என்ன என்பதில் அது தொடங்கிற்று. 'பால்' என்றால் எந்த விலங்கின் பால் என்பதில் முடிந்தது.

முதலில் நம் மரபின் நிலையைச் சற்றே நோக்கிவிட்டு மேலே செல்லலாம். திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல்; 33ஆம் அதிகாரம் கொல்லாமை. இரண்டும் துறவறவியலில் அமைந்தவை. புலால் மறுத்தலில் வள்ளுவர் வைக்கும் வாதங்களுள் ஒன்று வியக்கத்தக்க அளவுக்குப் பொருளியல் சார்ந்தது: வாங்குவோர் இருப்பதனாலேயே விற்போர் இருக்கின்றனர் என்று கொலையின் பொறுப்பை உண்பவர் மேலும் அவர் ஏற்றுகிறார். இந்த வாதத்தைப் பாலுக்கும் நீட்ட முடியும். வள்ளுவர் நீட்டவில்லை. பால் அவருக்கு நல்ல பொருளின் உவமை. பண்பில்லாதவன் பெற்ற செல்வம் கலத்தின் தீமையால் திரிந்த நல்ல பாலைப் போன்றது என்பார். காமத்துப்பாலில் காதலியின் இனிமைக்குப் பாலும் தேனும் வருகின்றன. திருக்கோயில்களில் ஆனைந்து ஆடுவது சிவபெருமானே. ஆகவே புலாலை விட எண்ணும் தமிழருக்கு நூலும் கோயிலும் வீடும் துணை நிற்கும். பாலை விட எண்ணுபவருக்கு இவற்றுள் ஒன்றும் துணை வாராது. அவர் தனியராகவே நிற்க வேண்டும்.

குசராத்தின் வைணவக் குடும்பத்தில் பிறந்த காந்தியடிகளின் நிலையும் இதுவே. இளமையில் நண்பர் ஒருவர் தூண்டுதலால் பெற்றோர் அறியாமல் ஆட்டிறைச்சி உண்டார். அன்று இரவு தம் வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு கத்துவதுபோல் தோன்றிற்று என்று 'சத்திய சோதனை'யில் எழுதுகிறார். 1888இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்லும் முன், சமணத் துறவி ஒருவர் முன்னிலையில் அன்னைக்கு மூன்று உறுதிகள் அளித்தார். அவற்றுள் ஒன்று இறைச்சி தொடாமை.

இலண்டனில் அரைப்பட்டினியாகத் திரிந்த அவர், ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் வாயிலில் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஒன்று ஹென்றி சால்ட் 1886இல் வெளியிட்ட சிறுநூல். (போப் ஐயரின் திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்ததும் அதே 1886தான். அந்நகரம் ஒரே ஆண்டில் புலால் மறுப்புக்கு இரண்டு நூல்களைப் பெற்றது; ஒன்று புதியது, மற்றொன்று மிகப் பழையது.) அதுவரை அன்னைக்குக் கொடுத்த வாக்கிற்காகவே புலாலை விலக்கியவர், சால்ட்டைப் படித்த பின் தம் அறிவின் தீர்ப்பாலும் அதனை விலக்கினார். ஹோவர்டு வில்லியம்ஸ், அன்னா கிங்ஸ்ஃபோர்டு ஆகியோர் நூல்களையும் தேடிப் படித்தார். இலண்டன் மரக்கறி உணவாளர் கழகத்தின் செயற்குழுவிலும் இடம் பெற்றார்.

அந்த வட்டாரத்தில்தான் அவர் ஒரு சிக்கலைச் சந்தித்தார். 'இறைச்சி' என்ற சொல்லுக்கு அங்கே மூன்று இலக்கணங்கள் வழங்கின. முதலாவதன்படி பறவை, விலங்கு ஆகியவற்றின் ஊன் மட்டுமே இறைச்சி. மீனும் முட்டையும் உண்ணலாம். இரண்டாவதன்படி உயிருள்ள எதன் ஊனும் இறைச்சி, முட்டை உண்ணலாம். மூன்றாவது, முட்டையையும் பாலையும்கூட இறைச்சியின் கணக்கில் சேர்த்தது. அடிகள் முதலில் இரண்டாவதை ஏற்று முட்டை உண்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மனம் உறுத்திற்று. வாக்குப் பெற்றவர் அன்னை. அன்னையின் அகராதியில் முட்டையும் இறைச்சியே. ஆகவே முட்டையை விட்டார். அதே காரணத்தால் பாலை விடவில்லை. அன்னையின் அகராதியில் பால் இறைச்சி அன்று.

இதிலிருந்து அவர் ஒரு விதியை வகுத்தார். உறுதிமொழியின் சொற்களுக்கு, அதைப் பெற்றவர் நேர்மையாக என்ன பொருள் கொண்டாரோ அதுவே பொருள். இரு பொருள்களுக்கு இடம் இருக்குமானால், வலிமை குறைந்தவர் கொள்ளும் பொருளே ஏற்கத்தக்கது. சட்டம் பயின்ற ஓர் இளைஞர், ஆவணங்களில் வலியவர் தமக்கேற்பப் பொருள் திரிப்பதை எதிர்த்து வகுத்த விதி இது. இதனை நினைவில் நிறுத்திக் கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் ஒரு நோய்ப்படுக்கையருகே இது மீண்டும் தேவைப்படும்.

தென்னாப்பிரிக்க ஆண்டுகளில் உணவைப் பற்றிய அவருடைய சோதனைகள் பெருகின. அவற்றை எல்லாம் சொல்லப் புகுந்தால் இப்பொழிவு சமையற்கட்டிலேயே நின்றுவிடும். ஒரு நிகழ்ச்சியை மட்டும் குறிக்கிறேன். அன்னை கஸ்தூரிபா அறுவை மருத்துவத்திற்குப் பின் டர்பனில் மிகவும் தளர்ந்து கிடந்தார். மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே தீர வேண்டும் என்றார் மருத்துவர். அடிகள் முடிவை மனைவியிடமே விட்டார். சாவதாயினும் அதை அருந்தேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார். உயிருக்குப் போராடிய நிலையிலும் உணவுநெறி தளராத பெண்மணி அவர். பின்னர் வரப்போகும் உரையாடலில் அவரைச் சலனப்படுத்தும் குரலாகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் இந்த டர்பன் நிகழ்ச்சியை மறந்தே பேசுகின்றனர்.

1910இல் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கிச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஏறக்குறைய ஆயிரம் பழமரங்கள் அங்கே இருந்தன. பெயருக்குரிய டால்ஸ்டாயும் புலால் துறந்தவர். மேலே சொன்ன ஹோவர்டு வில்லியம்ஸ் நூலின் உருசிய மொழிபெயர்ப்புக்கு முன்னுரையாகவே அவர் 'முதற்படி' என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்.

பண்ணையில் வாழ்ந்தோர் குசராத்தியர், தமிழர், தெலுங்கர், வட இந்தியர். சமயத்தால் இந்துக்கள், முசுலிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள். இளைஞர் நாற்பதின்மர், முதியோர் இருவர் மூவர், பெண்கள் ஐவர், குழந்தைகள் இருபது முப்பதின்மர் என்று அடிகள் கணக்குத் தருகிறார். டிரான்ஸ்வால் போராட்டத்தில் மீண்டும் மீண்டும் சிறை சென்றவர்களில் தமிழர் தொகை பெரிது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பும் அடிகளுக்கு வந்து சேர்ந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ், போப் ஐயரின் தமிழ்க் கையேட்டைத் தாண்டாது. பிள்ளைகளோ தென்னாப்பிரிக்காவில் பிறந்து எழுத்தறியாதவர்கள். ஆனால் பேச்சில் ஆசிரியரை வென்றுவிடுவார்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வரும்போது அம்மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளி வரலாற்றை எழுதுவோர் இந்தக் காட்சியைப் படித்துப் புன்னகை செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே உணவுக் கேள்வி உடனே எழுந்தது. அடுப்பு ஒன்றே. இறைச்சி உண்டு பழகிய குடும்பங்களும் இருந்தன. போராட்டத்துக்காகச் சிறை சென்றவர்களின் மனைவி மக்களை, உங்கள் உணவை விட்டால்தான் இங்கே இடம் என்று சொல்ல அடிகளுக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டால் மாட்டிறைச்சியும் தரவேண்டியதே என்று தமக்குள் முடிவு செய்துகொண்டு, அதன்பின் அவர்களிடம் நிலைமையை எடுத்துரைத்தார். அவர்கள் தாமாகவே மரக்கறிச் சமையலுக்கு இசைந்தனர். 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' நூலில் இதை அவர் நன்றியுடன் பதிவு செய்கிறார். உணவு மாற்றத்தின் வரலாற்றில் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குப் பெரிய இடம் தரவேண்டும் என்பது என் கருத்து. மாறியவர்கள் அடுப்படியில் நின்ற பெண்கள். மாற்றியது அவர்களுக்கு அளிக்கப்பட்ட மரியாதை.

பாலைப் பற்றிய முடிவு 1912இல் அதே பண்ணையில் பிறந்தது. பால் புலனுணர்ச்சியைத் தூண்டும் என்று இராய்சந்த்பாய் என்னும் சமணப் பெரியார் முன்னரே அடிகளிடம் சொல்லியிருந்தார். அப்பொழுது கல்கத்தாவிலிருந்து வந்த சில வெளியீடுகள், பசுவையும் எருமையையும் பால் வணிகர் வதைக்கும் முறைகளை விரித்துரைத்தன. அவற்றுள் கொடியது 'பூக்கா': கறவை நின்ற மாட்டின் பின்னுறுப்பில் காற்றூதி, வலுக்கட்டாயமாக மடியைச் சுரக்கச் செய்தல். இவற்றைக் காலன்பாக்குடன் அடிகள் பேசிக்கொண்டிருந்தார். பாலின் தீமையை ஓயாமல் பேசுகிறோமே, அதை ஏன் விட்டுவிடக் கூடாது என்று கேட்டவர் காலன்பாக்தான். அங்கேயே, அப்பொழுதே, இருவரும் பாலைத் துறப்பதாக உறுதி பூண்டனர்.

இவ்வுறுதியின் காரணங்களை இன்றைய நனிசைவரின் காரணங்களோடு ஒட்ட வைத்துவிடக் கூடாது. அடிகளுக்குப் புலனடக்கம் முதன்மையானது. எளிமையும் சிக்கனமும் உடன் நின்றன. விலங்கின் துன்பம் மூன்றாவதாக வந்து மற்ற இரண்டிற்கும் வலுச் சேர்த்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, உறுதியைத் தாங்கி நின்றது அந்த மூன்றாவது காரணமே. நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் ஆகியவை அவருடைய உணவாயின. இங்கிலாந்திலும் பாலின்றி வாழ்வது பற்றிய பேச்சு அப்போது எழுந்திருந்தது. பால், முட்டை இல்லாத சமையற்குறிப்புகளுடன் ரூபர்ட் வெல்டன் என்பவரின் நூல் 1910இல் இலண்டனில் வெளிவந்தது. எனினும் ஊட்டச்சத்து அறிவியல் குழந்தைப் பருவத்தில் இருந்தது. 'வைட்டமின்' என்ற சொல்லின் முன்வடிவமே 1912இல்தான் உருவாயிற்று.

1914இல் இலண்டனில் அடிகளுக்கு நுரையீரல் உறை அழற்சி கண்டது. பாலும் தானியமும் உண்ண வேண்டும் என்றார் மருத்துவர் ஜீவராஜ் மேத்தா. குருவாகப் போற்றிய கோகலேயும் வற்புறுத்தினார். அடிகள் ஓர் இரவு அவகாசம் கேட்டுச் சிந்தித்தார். சமயக் காரணம் முதன்மையாக இல்லாத விலக்குகளைத் தளர்த்தலாம். பாலை மட்டும் தொடுவதில்லை என்று மறுநாள் விடை சொன்னார். கல்கத்தாத் தொழுவங்கள் கண்முன் நின்றன என்று எழுதுகிறார். பின்னர், அவர்பால் அன்பு கொண்ட சீமாட்டி சிசிலியா, பாலுக்கு மாற்றான தூள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் பால் சிறிதும் இல்லை என்று நண்பர் ஒருவர் அவருக்கு உறுதி கூறியிருந்தார். அடிகள் அதை நீரில் கலந்து அருந்தினார். பாலின் சுவையே இருந்தது. புட்டியின் சீட்டைப் படித்தார். அது பாலில் செய்த பொருள். சீமாட்டி பதறி வருந்தினார். சீட்டைப் படிக்காமல் வாங்கிய குற்றத்திற்காக எவரையும் அடிகள் கடிந்துகொள்ளவில்லை. இன்று பேரங்காடியில் பொட்டலத்தின் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்கும் ஒவ்வொருவரும் இந்நிகழ்ச்சியில் தம்மைக் காண்பர்.

இனி 1918. கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் திரட்டும் பணியில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். உணவு நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும். அளவு மீறி உண்டதால் வயிற்றுக்கடுப்புத் தொடங்கிற்று. பட்டினி கிடந்திருந்தால் தணிந்திருக்கும். அன்று திருநாள், எண்ணெயில் சமைத்த கோதுமை இனிப்புக் கஞ்சியும் பாசிப்பயறும் முன்னால் வந்தன, வயிறு நிறைய உண்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் நோய் கடுமையாயிற்று. மாதக்கணக்கில் எழ முடியவில்லை. இறுதி நெருங்கிவிட்டது என்றே எண்ணினார். பாலை விட்டதனால் வந்த நோய் என்று இதைச் சொல்வதற்கில்லை; அவரும் சொல்லவில்லை. ஆனால் உடைந்த உடலை மீண்டும் கட்டி எழுப்ப, பாலில்லாத உணவில் வழி என்ன என்று அன்றைய மருத்துவம் அறிந்திருக்கவில்லை.

1919 சனவரியில் பம்பாயில் மருத்துவர் தலால் அவருக்கு அறுவை செய்தார். பால் அருந்தாமல் உம் உடலைத் தேற்ற என்னால் இயலாது என்று அவர் திட்டமாகச் சொல்லிவிட்டார். ஊசி போட்டுக்கொள்கிறேன், பால் வேண்டாம், உறுதி பூண்டிருக்கிறேன் என்றார் அடிகள். என்ன உறுதி என்று மருத்துவர் வினவினார். பூக்கா முதலிய கொடுமைகளையும் உறுதி பிறந்த கதையையும் அடிகள் எடுத்துரைத்தார். கட்டில் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரிபா, அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடை இருக்க முடியாதே என்றார். ஆட்டுப்பால் போதும் என்று மருத்துவர் பிடித்துக்கொண்டார். அடிகள் இணங்கினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். அம்மையார் சொன்னது உணர்ச்சிவசப்பட்ட கெஞ்சல் அன்று. உறுதியின் காரணம் பூக்கா என்றால், பூக்காவுக்கு உட்படாத விலங்கின் பாலை அவ்வுறுதி தடுக்காது என்பது கூரிய சொற்பொருள் வாதம். பாரிஸ்டர் பட்டம் பெற்ற கணவரை அவருடைய வாக்குமூலத்தைக் கொண்டே மடக்கினார் எழுத்தறிவு மிகுதியாகப் பெறாத அம்மையார். ஒரு வழக்காகப் பார்த்தால் அன்றைய வெற்றி அவருடையதே.

ஆயினும் இலண்டனில் வகுத்த விதியைப் பொருத்திப் பாருங்கள். உறுதியைப் பெற்றவர் கொண்ட பொருளே பொருள் என்பது முதற்பகுதி. இவ்வுறுதியை அன்னையோ வேறெவருமோ பெற்றுக்கொள்ளவில்லை. தமக்குத் தாமே பூண்டது. ஆகவே இரண்டாம் பகுதிக்குச் செல்ல வேண்டும்: இரு பொருள்களுக்கு இடமிருந்தால் வலிமை குறைந்தவர் பக்கம் நிற்கும் பொருளே ஏற்கத்தக்கது. அந்த அறையில் மூவர் இருந்தனர். நான்காவது தரப்பு வெளியே தொழுவத்தில் நின்றது. அதன் பக்கத்தில் நின்று படித்தால் 'பால்' என்பது எல்லா விலங்கின் பாலையும் குறிக்கும்.

அடிகளும் இதையே ஒப்புக்கொண்டார். உறுதி பூண்டபோது பசுவும் எருமையுமே தம் மனத்தில் இருந்தன என்றாலும், இயல்பான பொருள்படி அது எல்லாப் பாலையும் தழுவியது. உறுதியின் எழுத்தைக் காத்து உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற கருத்துப்பட எழுதினார். வாழும் ஆசை வாய்மைப் பற்றை வென்றது என்பது அவர் தமக்கு அளித்த தீர்ப்பு. அந்த ஆசை தன்னலத்தால் வந்ததன்று. ரௌலட் சட்ட முன்வரைவுகளை எதிர்க்க வேண்டும் என்ற துடிப்பு அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிற்று. ஆட்டுப்பால் தேற்றிய உடலோடு அவர் சென்னை வந்தார். இராசாசி அவர்களின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, நாடெங்கும் ஒருநாள் கடையடைப்பும் நோன்பும் என்ற எண்ணம் விடியற்காலைத் துயிலில் அவருக்குத் தோன்றிற்று. 1919 ஏப்ரல் 6 அன்று நாடு அதைக் கடைப்பிடித்தது. அந்த நாள் இந்திய வரலாற்றைத் திருப்பியது. அதற்கு விலையாக ஓர் உறுதி முறிந்தது பெரிய இழப்பா என்று கேட்கலாம். எனக்கு விடை எளிதாகத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை, ஆண்டுகள் கழிந்தும் அந்நினைவு உறுத்துகிறது என்றே எழுதினார்.

அதன்பின் அவருடைய தேடல் வேறு வடிவம் பெற்றது. தம் பேச்சைக் கேட்டுப் பாலை விட்டவர்கள், உடலுக்கு ஒவ்வாவிட்டால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்று வாசகரை எச்சரித்தார். பாலைப் போலவே ஊட்டமும் எளிதில் செரிக்கும் தன்மையும் உடைய தாவரப் பொருள் ஒன்றை, ஏட்டறிவால் அன்றிப் பட்டறிவால் எவரேனும் அறிந்திருந்தால் தெரிவிக்குமாறு வேண்டினார். 1929இல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார். 1931 நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றிருந்தபோது, மரக்கறி உணவாளர் கழகத்தில் உரையாற்றினார். முதுமை எய்திய ஹென்றி சால்ட் அந்த அவையில் அமர்ந்திருந்தார். தாம் ஆறு ஆண்டுகள் பாலின்றி வாழ்ந்ததையும் பின் தோற்றதையும் அங்கே மறைக்கவில்லை.

1935இல் வார்தாவின் மகன்வாடியில் சோயா மொச்சையைச் சமைத்து உண்டு பார்த்தனர். 'அரிஜன்' இதழில் அதைப் பற்றி எழுதினார். நம் மண்ணில் வாழும் நமக்கு இது வியப்பாக இருக்கும். அவர் இதழ் வழியே தேடிய தாவரப் பால், சீனர் இல்லங்களிலும் தெருமுனைகளிலும் காலை உணவாக விற்கப்பட்ட பண்டம். சிங்கப்பூர், மலேசியச் சந்தைகளில் சோயாப் பாலும் தவ்ஃபூவும் வாங்காத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. அண்டை வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ஒன்றை நம் சைவச் சமையலும் நெடுங்காலம் தன் பாலாக ஏற்கவில்லை. தேநீருக்குக் கெட்டிப்பால் என்பதே நம் வழக்கமாயிற்று.

சோயாப் பால் முழு விடையும் அன்று. பி12 என்னும் உயிர்ச்சத்து இயல்பாகத் தாவர உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. அதை ஆக்குபவை நுண்ணுயிர்கள். உடல் அதனை ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதால், குறை உடனே வெளித்தெரியாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அச்சத்தைப் பிரித்தெடுத்தது 1948இல். அடிகள் சுடப்பட்டு மறைந்த ஆண்டு அது. பால் துறந்த முதல் தலைமுறையினர் இதனை அறியாமலே துறந்தனர். சிலர் நோயுற்ற பின்னரே காரணம் விளங்கிற்று. இன்று இச்சத்து மாத்திரையாகவும், சில தாவரப் பால்களில் கலந்தும் கிடைக்கிறது. பாலை விட விரும்பும் நம் இளைஞர்களிடம் மரபைக் காட்டித் தடுப்பதைவிட இச்செய்தியைச் சொல்வது நன்று.

1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் அடிகள் உடல்நலம் பற்றி ஒரு நூல் எழுதினார். பால் விலங்கிலிருந்து வருவது, ஆதலால் கண்டிப்பான மரக்கறி உணவில் அதற்கு இடமில்லை என்று அதில் தெளிவாகச் சொல்கிறார். அதற்கு ஈடான தாவரப் பொருள் இன்னும் அகப்படவில்லை என்றும் சொல்கிறார். அன்னை கஸ்தூரிபா 1944 பிப்ரவரி 22 அன்று அதே சிறையில் காலமானார்.

அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் நண்பர்கள் சிலரும் பாலையும் முட்டையையும் விலக்குவோருக்கெனத் தனிக் கழகம் நிறுவினர். முதல் செய்தி மடலிலேயே பெயர்ச் சிக்கல் எழுந்தது. 'டெய்ரிபான்', 'வைட்டன்', 'பெனிவோர்' என்று பல பெயர்களை உறுப்பினர்கள் முன்மொழிந்தனர். 'வெஜிடேரியன்' என்னும் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து 'வீகன்' என்று வாட்சன் வைத்த பெயரே நிலைத்தது. பெயர் வந்தது, வரையறை வரவில்லை. கழகத்துக்கு முறையான வரையறை இல்லை என்று லெஸ்லி கிராஸ் என்னும் உறுப்பினர் 1949இல் சுட்டிக்காட்டிய பின்னரே அதற்கான முயற்சி தொடங்கிற்று. உணவோடு நிற்பதா, விலங்கின் உழைப்பையும் தோலையும் சேர்ப்பதா என்ற கேள்விகள் அப்பொழுதுதான் ஒழுங்காக ஆராயப்பட்டன.

'நனிசைவம்' என்ற சொல்லும் இதே நிலையில் நம் கைக்கு வந்துள்ளது. தேன் அதில் அடங்குமா? நாளும் காலையில் வெந்நீரில் தேன் கலந்து பருகியவர் அடிகள். மணவறையில் உடுத்தும் பட்டு அதில் அடங்குமா? பத்துமலைப் படிகளில் ஏறும் பால்குடத்தை அச்சொல் என்ன செய்யும்? அகராதிக் குழுவினர் அதற்குப் பொருள் எழுத அமரும் நாளில், சொல்லை ஆக்கியவர் கொண்ட பொருளை எழுதுவதா, குடம் சுமப்பவர் கொள்ளும் பொருளை எழுதுவதா, தொழுவத்தில் நிற்பதன் பக்கத்திலிருந்து எழுதுவதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.